பம்ப்செட்டுக்கு நாட்டு வைத்தியம்



நம் பாலிடெக்னிக்கில் படிக்கும் பலர் செங்கம், போளூர், தண்டராம்பட்டு, கீழ்பென்னாத்தூர், வேட்டவலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிறவர்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் ஒரு கிணறு இருக்கும், ஒரு மோட்டார் இருக்கும், மோட்டார் கொட்டாயில் ஒரு கோணிப்பையும் இருக்கும். அந்தப் பைக்குள் துருப்பிடித்த ஸ்பானர், பழைய சைக்கிள் ட்யூப், கிரீஸ் டப்பா, சணல், கட்டுக்கம்பி, பாதி சோப்பு எல்லாம் கிடக்கும். மெக்கானிக் வருவதற்குள் கடலைச் செடி வாடிவிடும் என்பதால் நம் அப்பன் பாட்டன் அந்தப் பையை வைத்தே மெஷினை ஓட்டியிருக்கிறார்கள்.

நான் மெக்கானிக்கல் பிரிவு மாணவன். எங்க குடும்பத்துல காலேஜ் வாசப்படி மிதிச்ச முதல் ஆள் நான்தான். முதல் வருடம் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போனபோது அப்பா கேட்டார், "ஏம்ப்பா, சாணி கரைச்சு ஊத்தினா மோட்டார்ல தண்ணி ஏறுதே, அது ஏன்னு இந்த பொஸ்தகத்துல போட்டிருக்கா?" சாணி என்ற சொல் அந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை. ஆனால் அதற்கான காரணம் இருக்கிறது. அப்பாவின் கேள்விக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடுவில் நாம் போட வேண்டிய பாலத்தைப் பற்றித்தான் இக்கட்டுரை.

மூன்று கேள்விகள்

ஒரு பாகம் கெட்டு, அதற்குப் பதில் வேறொன்றை வைத்து ஓட்டும் முன் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

1. அசல் பாகம் அங்கே என்ன வேலை செய்துகொண்டிருந்தது? தண்ணீரைத் தடுத்ததா, பாரம் தாங்கியதா, அல்லது தான் உடைந்து மற்றதைக் காப்பாற்றியதா?

2. நாம் வைக்கும் மாற்று தோற்றால் என்ன போகும்? ஒரு குடம் தண்ணீரா, ஒரு மோட்டாரா, ஒரு கையா?

3. இது எத்தனை நாளைக்கு? நாளைக் காலை வரைக்குமா, அறுவடை வரைக்குமா?

தண்ணீர் மட்டும் போகும் இடத்தில் தாராளமாக நாட்டு வைத்தியம் செய்யலாம். கை போகும் இடத்தில் ஒரு நாள்கூடச் செய்யக் கூடாது. இந்த அளவுகோலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. மோட்டார் ஓடுது, தண்ணி வரல

கிராமத்தில் அதிகம் கேட்கும் புகார் இதுதான். பம்பு தண்ணீரை 'இழுக்கிறது' என்று சொல்கிறோம். உண்மையில் பம்பு உள்ளே வெற்றிடத்தை உண்டாக்குகிறது. கிணற்று நீரின் மேல் அழுத்தும் காற்றுதான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. காற்றால் 10.3 மீட்டருக்கு மேல், அதாவது சுமார் 34 அடிக்கு மேல், எந்தக் காலத்திலும் தள்ள முடியாது. பைப்பில் உராய்வும் சின்னச் சின்ன ஓட்டையும் இருப்பதால் நடைமுறையில் 20, 22 அடி கிடைத்தாலே நல்லது. அதனால்தான் 50 அடிக் கிணற்றில் மோனோபிளாக் மோட்டாரைப் பாதிக் கிணற்றில் மேடை கட்டி இறக்கி வைக்கிறோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் ஏறினால் ஊரே கூடி மேலே தூக்குகிறோம்.

புட்வால்வு சரியாக மூடாவிட்டால், ஊற்றின தண்ணீரெல்லாம் கிணற்றுக்கே திரும்பிவிடும். பைப்பில் தண்ணீர் நிற்காது, காற்றுதான் நிற்கும். காற்றை வைத்துக்கொண்டு சென்ட்ரிபியூகல் பம்பு வெற்றிடம் உண்டாக்க முடியாது. இங்கேதான் சாணி வருகிறது. கரைத்த சாணியில் உள்ள வைக்கோல் நார் தண்ணீரோடு கீழே போய், தேய்ந்த வாசருக்கும் அதன் இருக்கைக்கும் நடுவிலுள்ள இடுக்கில் உட்கார்ந்துகொள்ளும். கசிவு குறைந்து, பைப்பு நிரம்பி, பம்பு பிடித்துக்கொள்ளும். அப்பாவின் கேள்விக்கு விடை இவ்வளவுதான்.

மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். அசல் வேலை தண்ணீரைத் தடுப்பது. தோற்றால் போவது ஒரு குடம் தண்ணீர். ஆகவே இது நல்ல வைத்தியம். ஆனால் அன்றைய பாய்ச்சலுக்கு மட்டும். அந்த வாரத்திலேயே புட்வால்வை மேலே ஏற்றி வாசரை மாற்றிவிட வேண்டும். டவுனுக்குப் போக முடியாவிட்டால் பழைய டிராக்டர் ட்யூபிலிருந்து அதே கனத்தில் வட்டமாக வெட்டிப் போடலாம். குடிக்கிற தண்ணீர்க் கிணறாக இருந்தால் மட்டும் சாணி வேண்டாம்.

சல்லடையில் குப்பை அடைக்கிறது என்று சிலர் கொசுவலையைச் சுற்றுகிறார்கள். வலை சீக்கிரம் பாசி பிடித்து அடைத்துக்கொள்ளும். பம்பு மூச்சுத் திணறும். சல்லடைத் துளைகளின் மொத்தப் பரப்பு பைப்பின் வாய்ப் பரப்பைப் போல மூன்று, நான்கு மடங்காவது இருக்க வேண்டும் என்பது விதி.

2. காற்று எங்கே நுழைகிறது?

டெலிவரி பக்கம் ஓட்டை இருந்தால் தண்ணீர் பீய்ச்சும், கண்ணுக்குத் தெரியும். சக்ஷன் பக்கம் ஓட்டை இருந்தால் ஒரு சொட்டும் வெளியே வராது. காற்றுதான் உள்ளே போகும். அதனால் பார்வைக்குக் காய்ந்து சுத்தமாக இருக்கிற ஜாயின்டைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

கண்டுபிடிக்க நம் ஊரில் பஞ்சமே இல்லாத ஒரு பொருள் போதும்: ஊதுபத்தி. மோட்டார் ஓடும்போது ஒவ்வொரு ஜாயின்டுக்கும் அருகே ஊதுபத்தியைக் காட்டுங்கள். புகை நேராக மேலே போகாமல் ஜாயின்டுக்குள் வளைந்து நுழைந்தால் அங்கேதான் கோளாறு. பக்கத்தில் டீசல், பெட்ரோல் கேன் எதுவும் இருக்கக் கூடாது என்பதை மறக்க வேண்டாம்.

அந்த இடத்தில் சைக்கிள் ட்யூபை ஒரு அங்குல அகல வாராக வெட்டி, நன்றாக இழுத்து இழுத்து, ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறும்படி சுற்றி, மேலே கட்டுக்கம்பியால் முறுக்க வேண்டும். சக்ஷன் பக்கம் உள்ளே வெற்றிடம், வெளியே காற்றழுத்தம். ஆகவே வெளிக்காற்றே ரப்பரை ஓட்டைமேல் அழுத்திப் பிடிக்கும். அதே வார் டெலிவரி பக்கம் அவ்வளவு நாள் நிற்காது. அங்கே தண்ணீர் ரப்பரை வெளியே தள்ளுகிறது. ஒரே வைத்தியம் ஒரு பக்கம் பலிக்கிறது, இன்னொரு பக்கம் பலிக்கவில்லை என்றால் அது ராசி இல்லை நண்பர்களே, அழுத்தத்தின் திசை.

3. கிளாண்டு சொட்டட்டும்

பம்பு கிளாண்டில் தண்ணீர் சொட்டினால் உடனே நட்டை இறுக்கிவிடுவது நம் பழக்கம். நூல்கயிறு கிளாண்டாக இருந்தால் நிமிடத்துக்குச் சில சொட்டு விழத்தான் வேண்டும். அந்தத் தண்ணீர்தான் ஷாஃப்டையும் கயிற்றையும் குளிர வைக்கிறது. சொட்டே இல்லாமல் இறுக்கினால் கயிறு கருகி, ஷாஃப்டில் பள்ளம் விழுந்து, லேத் பட்டறைச் செலவு வரும்.

கிளாண்டு கயிறு கிடைக்காத நேரத்தில் பருத்தி நூலை சடைபோல் பின்னி, கிரீஸில் ஊறவைத்துப் போடலாம். ஒரே நீளமாகச் சுருட்டிப் போடாமல் தனித்தனி வளையமாக வெட்டி, ஒவ்வொன்றின் வாயும் வேறு வேறு பக்கம் இருக்கும்படி போட்டால் கசிவு நேர்வழியில் வராது. சணலை அப்படியே திணித்தால் அதன் முரட்டு நார் ஷாஃப்டைத் தேய்க்கும்.

4. டீசல் எஞ்சினும் டிராக்டரும்

டீசல் டேங்கில் ஊசிமுனை ஓட்டையா? துணி துவைக்கிற சோப்பைக் காய்ந்த நிலையில் அழுத்தித் தேய்த்தால் நின்றுவிடும். சோப்பு தண்ணீரில் கரையும், டீசலில் கரையாது. லாரி டிரைவர்களுக்கு வேதியியல் தெரியாவிட்டாலும் இது தெரியும். எஞ்சின் அணைந்து, ஆறிய பிறகுதான் செய்ய வேண்டும். அந்த டேங்கை வெல்டிங் வைக்க எடுத்துப் போனால், உள்ளே டீசல் இல்லை என்று நம்பி அப்படியே வைத்துவிடாதீர்கள். காலி டேங்கில் உள்ள ஆவிதான் வெடிக்கும்.

எஞ்சின் கால் மணி நேரம் நன்றாக ஓடி, பிறகு திணறி நிற்கிறதா? பம்பையும் நாசிலையும் கழற்றும் முன் டேங்கு மூடியைத் தளர்த்திவிட்டு ஓட்டிப் பாருங்கள். மூடியில் உள்ள காற்றுத் துளையில் சேறு அடைத்திருந்தால் டீசல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உண்டாகி, டீசல் வருவது நின்றுவிடும். ஒரு ஊசியால் குத்தினால் சரியாகிற கோளாறுக்கு எஞ்சினையே பிரித்துப் போட்ட கதைகள் ஊருக்கு ஊர் உண்டு.

ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூள் போடுகிறார்கள். தூள் ஊறி ஓட்டையில் போய் அடைக்கும் என்பது உண்மை. ஆனால் அதற்கு ஓட்டை எது, நல்ல குழாய் எது என்று தெரியாது. மெல்லிய குழாய்களையும் சேர்த்தே அடைக்கும். வீடு வந்து சேரும் வரை சரி. மறுநாளே கழுவி, ஓட்டையைப் பற்றவைக்க வேண்டும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும், ஜாக்கிரதை.

5. புல்லி மாற்றும் முன் ஒரு கணக்கு

உடைந்த புல்லிக்குப் பதில் பரணில் கிடந்த இன்னொன்றை மாட்டுவது நம் ஊர்களில் சகஜம். இங்கே ஒரு சின்னக் கணக்கு போட வேண்டும். ஓட்டும் புல்லியின் விட்டத்தை அதன் வேகத்தால் பெருக்கினால் வருவதும், ஓடும் புல்லியின் விட்டத்தை அதன் வேகத்தால் பெருக்கினால் வருவதும் சமம்.

எஞ்சின் 1500 ஆர்.பி.எம்., அதன் புல்லி 4 அங்குலம், தீவனம் வெட்டும் மெஷினில் 10 அங்குலம் என்றால் மெஷின் 600 ஆர்.பி.எம். ஓடும். 10 அங்குலத்துக்குப் பதில் 8 அங்குலம் மாட்டினால் 750 ஆகும். 'கொஞ்சம் வேகம்தானே' என்று தோன்றும். ஆனால் கத்தியை வெளியே வீசும் மையவிலக்கு விசை வேகத்தின் இருமடிப்படி கூடுகிறது: 1.25 × 1.25 = 1.56. கத்தியைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் ஒன்றரை மடங்குக்கும் மேல் பாரம் தாங்க வேண்டும். அவை அதற்காகச் செய்யப்பட்டவை இல்லை.

பெல்ட்டில் ஓடும் பம்பில் இதையே செய்தால் என்ன ஆகும்? வேகம் கால் பங்கு கூடினால் தண்ணீரும் ஏறக்குறைய கால் பங்கு கூடும். எஞ்சின் கொடுக்க வேண்டிய சக்தியோ மும்மடிப்படி ஏறும்: 1.25 × 1.25 × 1.25 = 1.95. கால் பங்கு தண்ணீருக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தி! எஞ்சின் கறும்புகை விடுவதற்கும் டீசல் கரைவதற்கும் காரணம் இதுதான். பத்து நிமிடக் கணக்கு ஒரு எஞ்சினைக் காப்பாற்றும்.

6. உடைவதற்கென்றே இருக்கும் பாகங்கள்

இதுவரை சொன்னவை செய்யக் கூடியவை. இனிச் சொல்வது செய்யவே கூடாதவை. சில பாகங்கள் பலவீனமாகச் செய்யப்பட்டிருப்பது வேண்டுமென்றேதான். அவை முதலில் உடைந்து மற்றவற்றைக் காப்பாற்றும். அவை அடிக்கடி உடைவதால் நமக்கு அவற்றின்மேல்தான் முதலில் கோபம் வருகிறது.

ரோட்டவேட்டர் ஷியர் போல்ட்: கத்தி கல்லில் மாட்டினால் இந்த போல்ட் அறுந்து கியர்பாக்ஸைக் காப்பாற்றும். 'திரும்பத் திரும்ப அறுந்து போகுது' என்று கடினமான போல்ட்டை மாட்டினால் அடுத்த கல்லுக்குக் கியர் பல் போகும். சரியான போல்ட் நாலைந்து வாங்கிக் கோணிப்பையில் வைத்துக்கொள்வதே இதற்கு வழி.

ப்யூஸ்: ப்யூஸ் கட்டையில் ஒயரின் செம்பு இழைகளை முறுக்கிப் போடுவது வழக்கம். 20 ஆம்பியர் ப்யூஸ் கம்பியின் கனம் 0.6 மில்லிமீட்டர்தான். தடித்த கம்பி போட்டால் ஷார்ட் ஆகும்போது ப்யூஸுக்குப் பதில் ஒயர் எரியும், கொட்டாய் எரியும். இன்னொரு விஷயம். 5 எச்.பி. மோட்டார் 415 வோல்ட்டில் முழு லோடில் சுமார் 7.5 ஆம்பியர் எடுக்கும். ஓடும்போது ஒரு பேஸ் போனால் மோட்டார் நிற்காது, உறுமிக்கொண்டே ஓடும். மீதி இரண்டு பேஸிலும் கரண்ட் 1.73 மடங்காகி 13 ஆம்பியரைத் தொடும். 20 ஆம்பியர் ப்யூஸ் அதற்கு அசையாது. காயிலைக் காப்பாற்றுவது ஸ்டார்ட்டரில் உள்ள ஓவர்லோடு ரிலேதான். அதை மோட்டார் தகட்டில் போட்டிருக்கும் ஆம்பியருக்கு வைக்க வேண்டும். 'அடிக்கடி டிரிப் ஆகுது' என்று குமிழைத் திருப்பி ஏற்றி வைப்பது, காய்ச்சல் வந்தவனிடம் தெர்மாமீட்டரை உடைப்பது போல.

கண்டன்சர்: மும்முனை மின்சாரம் சில மணி நேரம் மட்டும் கிடைத்த ஆண்டுகளில், இரண்டு பேஸில் மோட்டாரை ஓட்ட விவசாயிகள் கண்டன்சர் மாட்டினார்கள். மூன்றாவது முனைக்குக் கண்டன்சர் வழியாகக் கொஞ்சம் முன்பின் தள்ளிய மின்னழுத்தம் கிடைப்பதால் மோட்டார் சுற்றும். ஆனால் மூன்று காயிலிலும் கரண்ட் சமமாக இருக்காது. முழு லோடு கொடுத்தால் ஒரு காயில் சூடேறி எரியும். சுவிட்சை அணைத்த பிறகும் கண்டன்சரில் மின்சாரம் தங்கியிருக்கும், தொட்டால் தூக்கி அடிக்கும். இதை எலக்ட்ரிக்கல் பிரிவு நண்பர்கள் தங்கள் ஊரில் எடுத்துச் சொல்வது பெரிய தர்மம்.

ஸ்டார்ட்டரில் குச்சி: வோல்ட்டேஜ் குறைவாக இருக்கும்போது ஸ்டார்ட்டர் பிடிக்காது. பச்சைப் பட்டனை அழுத்தி ஒரு குச்சியைச் சொருகிவிட்டுப் போய்விடுவார்கள். கரண்ட் போய் வந்தால் மோட்டார் தானாக ஓடும், ராத்திரி எழுந்து போக வேண்டாம் என்பது இதில் உள்ள வசதி. எங்கள் உறவில் ஒரு சித்தப்பா, கரண்ட் இல்லை என்று நினைத்து பெல்ட் பம்பின் கிளாண்டு நட்டை முடுக்கிக்கொண்டிருந்தார். கரண்ட் வந்தது. இன்றைக்கு அவர் வலது கையில் இரண்டு விரல் கிடையாது. கரண்ட் போனால் ஸ்டார்ட்டர் விட்டுவிடுவது அதன் குறையல்ல, அதுதான் அதன் வேலை. குச்சியால் பட்டனைப் பிடித்து வைத்தால் ரிலேயும் அதை விடுவிக்க முடியாமல் போகலாம். ராத்திரி எழ முடியாதவர்கள் நேரத் தாமதமும் பேஸ் பாதுகாப்பும் உள்ள ஆட்டோ ஸ்டார்ட்டர் வைக்கலாம். எதை வைத்தாலும், கை வைக்கும் முன் மெயினை இறக்கி, ப்யூஸ் கட்டையைப் பிடுங்கி, சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

மூடி, கூண்டு, தொட்டி: டிராக்டர் பி.டி.ஓ. ஷாஃப்ட் நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9 சுற்று. இரண்டரை அங்குல ஷாஃப்டின் சுற்றளவு ஏறக்குறைய 8 அங்குலம். வேட்டி நுனியோ துண்டோ மாட்டினால் நொடிக்குச் சுமார் 6 அடி இழுக்கும். 'ஐயோ' என்று கத்துவதற்குள் ஆளே உள்ளே. அதன் மேல் உள்ள பிளாஸ்டிக் கூண்டைக் கழற்றி வீசுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்க வேண்டும்.

கதிரடிக்கும் மெஷினில் கைகளை இழந்தவர்கள் நாட்டில் ஏராளம் என்பதால்தான் 1983-இல் ஆபத்தான இயந்திரங்கள் சட்டத்தையே பாராளுமன்றம் கொண்டுவந்தது. கதிர் கொடுக்கும் தொட்டி 90 செ.மீ. நீளமும், அதில் 45 செ.மீ. மூடியும் இருக்க வேண்டும் என்பது தர நிர்ணயம். அந்த நீளம் நம் கையை அளந்து வைத்தது. கை உருளையை எட்டக் கூடாது என்பதற்காக. வேலை வேகமாக நடக்கட்டும் என்று தொட்டியை வெட்டிச் சுருக்கினால், வெட்டுவது தகரத்தை மட்டும் இல்லை.

நாட்டு வைத்தியம் தொழிலானது

கைவேலையைக் குறைவாக நினைக்க வேண்டாம். கோவை ஜி.டி.நாயுடு பள்ளிப் படிப்பை முடிக்காதவர். ஓட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி, அதைப் பிரித்துப் பூட்டியே இயந்திரம் கற்றார். 1937-இல் டி.பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து இந்தியாவின் முதல் உள்நாட்டு மின்மோட்டாரை உருவாக்கியவர் என்று போற்றப்படுகிறார். 1945-இல் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக் தொடங்கியபோது அதற்கு முதல்வராகவும் இருந்தார். டிப்ளமோ இல்லாதவர் நம்மைப் போன்ற டிப்ளமோ மாணவர்களுக்கு முதல்வர்!

குஜராத் அம்ரேலி மாவட்டத்தில் மன்சுக்பாய் ஜகானி என்ற விவசாயி, மாடு வைத்துக் காப்பாற்ற முடியாத வறட்சிக் காலத்தில், 1994-இல் புல்லட் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தை எடுத்துவிட்டு இரட்டைச் சக்கரமும் கலப்பைச் சட்டமும் பொருத்தினார். 'புல்லட் சாந்தி' என்று பெயர் பெற்ற அந்த வண்டிக்குப் பின்னாளில் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது.

இவர்கள் இருவரும் ஒரு நாள் ஒப்பேற்றியதோடு விடவில்லை. அளந்தார்கள், திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள், தோற்ற இடத்தைத் திருத்தினார்கள். கோணிப்பை வைத்தியம் இயந்திரமாக மாறியது அப்படித்தான்.

நாம் செய்ய வேண்டியது

நம் அப்பாக்களுக்கு எது பலிக்கும் என்று தெரியும். நமக்கு அது ஏன் பலிக்கிறது, எங்கே பலிக்காது என்று கற்றுத் தருகிறார்கள். இரண்டும் தனித்தனியாக இருந்தால் ஒரு பக்கம் விரல் போகிறது, இன்னொரு பக்கம் அரியர்ஸ் விழுகிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஒர்க்ஷாப்பில் ஒரு நீளக் கணக்கு நோட்டு வைப்போம். ஒவ்வொருவரும் தம் ஊரில் நடக்கும் ஒரு வைத்தியத்தை எழுதுவோம்: என்ன கோளாறு, என்ன வைத்தார்கள், எத்தனை நாள் நின்றது, தோற்றபோது என்ன ஆனது. நம் ஆசிரியர்களிடம் காட்டி, பக்கத்தில் 'செய்யலாம்', 'வீடு சேரும் வரை', 'கூடவே கூடாது' என்று எழுதி வாங்குவோம். மூன்றாம் ஆண்டு முடித்துப் போகிறவர்கள் அந்த நோட்டை அடுத்தவர்களிடம் கொடுத்துவிட்டுப் போகட்டும். நம் மாணவர் மன்றம் இதை ஏற்று நடத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இந்த வார விடுமுறையில் ஊருக்குப் போனதும் முதல் வேலையாக மோட்டார் கொட்டாய்க்குப் போங்கள். ஸ்டார்ட்டரில் குச்சி சொருகியிருந்தால், மெயினை இறக்கிவிட்டு அதை எடுத்து அடுப்பில் போடுங்கள். பெரியவர்கள் கேட்டால் கோபப்படாமல் காரணத்தைச் சொல்லுங்கள். நமக்குச் செலவு செய்து படிக்க வைத்தவர்களுக்கு நாம் திருப்பிச் சொல்லித் தரும் முதல் பாடமாக அது இருக்கட்டும்.